பட்டையே பட்டா: ஒரு டாலர் தாளில் இருந்த ஓவியர்

1966 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியா தன் பழைய பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கை விட்டு டாலருக்கு மாறியது. புதிதாக வந்த ஒரு டாலர் தாளின் முன்பக்கத்தில் எலிசபெத் அரசி. பின்பக்கத்தில் மெல்லிய கோடுகளால் ஆன ஒரு காட்சி: நடுவே கிடத்தப்பட்ட ஓர் உடல், அருகில் உட்கார்ந்து பாடுகிறவர்கள், கங்காரு, வேரும் இலையுமாக மரங்கள். நாட்டின் வடகோடியைச் சேர்ந்த ஒரு மரப்பட்டை ஓவியத்தின் ஒளிப்படம் ரிசர்வ் வங்கியின் கைக்கு வந்திருந்தது. நன்றாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டார்கள். வரைந்தவர் யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. எப்போதோ செத்துப்போன, பேர் தெரியாத ஒரு பூர்வகுடி மனிதர் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

அவர் உயிரோடுதான் இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் டேவிட் மலங்கி.

இந்தக் கதையைப் பொதுவாக ‘ஓவியருக்குக் காசு கொடுக்க மறந்துவிட்டார்கள், பிறகு கொடுத்தார்கள்’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். காசு ஒரு பாதிதான். மரப்பட்டை ஓவியம் என்பது என்ன, அதை யார் வரையலாம், வரைந்தது யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொண்டால்தான் வங்கி எதைத் தவறவிட்டது என்பது பிடிபடும். அதை முதலில் இருந்தே பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த பெரிய வண்ணத் துணிகள். அவை நாட்டின் நடுவில் இருக்கும் பாலைநிலத்தைச் சேர்ந்தவை. 1971ல் பாபுன்யா என்ற குடியிருப்பில் தொடங்கிய இயக்கம் அது. மரப்பட்டை ஓவியத்தின் முக்கியமான தாயகம் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், வடக்குக் கடலோரத்தில் இருக்கும் ஆர்ன்ஹெம் லேண்ட். சதுப்பு நிலம், ஆறு, அலையாத்திக் காடு, முதலை, மழைக்காலத்தில் துண்டாகிப்போகும் சாலைகள் என்று அது வேறொரு உலகம். மொழிகளும் வேறு, கதைகளும் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவது, கடற்கரைக்காரரையும் மலைக்காரரையும் ஒரே ஊர்க்காரர் என்பது போல.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. சுவரில் மாட்டும் மரப்பட்டை ஓவியம் பல ஆயிரம் ஆண்டுப் பழமையானது என்று விளம்பரங்களில் எழுதுவார்கள். உருவங்களும் வடிவங்களும் மிகப் பழையவைதான். பாறையிலும், சடங்கில் மனித உடம்பிலும், மணலிலும், எலும்பு வைக்கும் குழிந்த மரக்கட்டையிலும் அவற்றை வரைந்து வந்திருக்கிறார்கள். மழைக்குக் கட்டிய பட்டைக் குடிசையின் உட்புறத்திலும் வரைந்தார்கள். ஆனால் தனியாக வெட்டித் தட்டையாக்கிய, வெளியாருக்கு விற்கும் பட்டை 20ஆம் நூற்றாண்டின் வழக்கம். 1912ல் பால்ட்வின் ஸ்பென்சர் என்ற மானுடவியலாளர் மேற்கு ஆர்ன்ஹெம் லேண்டுக்குப் போய், குடிசைகளில் பார்த்த ஓவியங்களைப் போலத் தனிப் பட்டைகளில் வரைந்து தரச் சொல்லி வாங்கினார். பிறகு கிறிஸ்தவ மிஷன்கள் வந்தன, அவற்றின் வழியாகக் கைவினை வியாபாரம் வந்தது. 1948ல் சார்ல்ஸ் மவுண்ட்ஃபோர்டு தலைமையில் வந்த அமெரிக்க-ஆஸ்திரேலிய ஆய்வுக்குழு நூற்றுக்கணக்கில் வாங்கிப்போனது. ஆகவே மலங்கி பிறந்தபோது இது பழைய சட்டத்தை ஏந்திய புதிய பொருளாகத்தான் இருந்தது. ‘சட்டம்’ என்று சொல்வதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மரம், தீ, தலைமுடி

பட்டை எந்த மரத்தில் இருந்து வருகிறது? நம்மூரில் தைல மரம் என்கிறோமே, அந்த யூகலிப்டஸ் குடும்பத்தில் நார் நாராக உரியும் பட்டை கொண்ட ஒரு வகை. ஸ்ட்ரிங்கிபார்க் என்று பெயர். மழைக்காலத்தில் மரத்துக்குள் சாறு ஏறியிருக்கும்போதுதான் பட்டை கழன்று வரும். வெயில் காலத்தில் உரித்தால் துண்டு துண்டாக உடையும். நேரான, கணுவும் ஓட்டையும் இல்லாத மரமாகப் பார்க்க வேண்டும். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் என்று கோடரியால் வெட்டி, நெடுக்கே ஒரு கீறல் போட்டு, விரலும் கோடரி முனையும் கொண்டு நெம்பினால் உருளையாக ஒரு பட்டை கையில் வரும்.

வெளிப்பக்கத்து நாரைச் சீவி எறிந்துவிட்டு, பட்டையைத் தீயில் வாட்டுவார்கள். ஈரம் ஆவியாகப் போகப் போகச் சுருள் நெகிழும். சூடு ஆறுவதற்குள் தரையில் விரித்து, மேலே கல்லையும் மரக்கட்டையையும் ஏற்றிப் பல நாள் அப்படியே விட்டால் பலகை போல ஆகிவிடும். முழுதாக அடங்காது. காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி சுருளப் பார்க்கும். மேல் கீழ் ஓரங்களில் குச்சி வைத்துக் கட்டுவது அதற்காகத்தான். குளிர்சாதன அருங்காட்சியகங்களில் பட்டை ஓவியங்களைப் பராமரிப்பவர்கள் படும் பாடு தனிக் கதை.

நிறம் நான்குதான். செங்காவி, மஞ்சள் காவி, வெண்களிமண், கரி அல்லது மாங்கனீசுக் கல்லில் இருந்து கறுப்பு. காவிக் கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசி எடுப்பார்கள், மருந்து இழைப்பது போல. உதிராமல் இருக்க முன்பு ஆர்க்கிட் செடியின் தண்டுச் சாற்றைச் சேர்த்தார்கள். 1960களுக்குப் பிறகு தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ‘இயற்கைச் சாயம் மட்டுமே’ என்று சிலாகிப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். வரைகிறவர்களுக்கு இதில் எந்தச் சங்கடமும் இல்லை. பசை ஒட்டினால் போதும். நிறம் எந்த மண்ணில் இருந்து தோண்டியது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

தூரிகைதான் ஆச்சரியம். பரந்த இடத்தை நிரப்ப, நுனியை மென்று நாராக்கிய குச்சி போதும். நுணுக்கமான கோட்டுக்கு, சில தலைமுடி இழைகளை ஒரு குச்சியின் முனையில் கட்டிக்கொள்கிறார்கள். முடி விரல் நீளத்துக்குத் தொங்கும். அதை நிறத்தில் தோய்த்து, பட்டைமேல் நீளவாக்கில் படுக்கவைத்து இழுத்தால் சீரான ஒரு மெல்லிய கோடு விழும். அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு குறுக்கே. இப்படிக் குறுக்கும் நெடுக்குமாக வரும் கோட்டுப் பின்னலுக்கு மேற்குப் பக்கத்து மொழியில் ‘ரார்க்’ என்று பெயர். கிழக்கில் இருக்கும் யோல்ங்கு மக்கள் அந்தப் பின்னல் கண்ணுக்குத் தரும் மினுமினுப்பை ‘பிர்யுன்’ என்கிறார்கள். அந்த மினுக்கம் அழகுக்காக வைத்த அலங்காரம் இல்லை. மூதாதையின் சக்தி அங்கே இருக்கிறது என்பதன் அடையாளம்.

யார் வரையலாம்?

பட்டையும் காவியும் கிடைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று நினைத்தால் அங்கேதான் இடறும்.

யோல்ங்கு உலகம் முழுவதும் இரண்டு பாதிகளாகப் பிரிந்தது: துவா, யிரிட்ஜா. மனிதர்கள் மட்டுமல்ல, மரம், மீன், காற்று, நீர்நிலை, நட்சத்திரம் எல்லாமே இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவை. ஒரே பாதிக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. துவாக்காரர் யிரிட்ஜாவில்தான் மணம் முடிக்க வேண்டும். பிள்ளை தகப்பனின் பாதியையும் தகப்பனின் குலத்தையும் பெறும். அதனால் ஒவ்வொருவருக்கும் தாய் எதிர்ப்பாதியைச் சேர்ந்தவர். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று பிரித்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அடிப்படை புரியச் சிரமம் இருக்காது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே அந்தக் கணக்கு நிலத்துக்கும் ஓவியத்துக்கும் சேர்த்தே போகிறது.

ஒவ்வொரு குலத்துக்கும் குறிப்பிட்ட நிலம் உண்டு. அந்த நிலத்தை மூதாதைகள் நடந்து, தோண்டி, பெயரிட்டு உருவாக்கினார்கள். அந்தப் பயணத்தின் பாட்டு, ஆட்டம், வடிவம் மூன்றும் நிலத்தோடு சேர்ந்து குலத்துக்கு வந்த சொத்து. ஆங்கிலத்தில் இதற்கு ‘கனவு’ என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்துவிட்டார்கள். தமிழிலும் அதையே ‘கனவுக் காலம்’ என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்மேல் ஒப்புதல் இல்லை. தூக்கத்தில் வரும் எதற்கும் இதற்கும் தொடர்பில்லை. முடிந்துபோன பழங்காலமும் இல்லை. இது இப்போதும் செல்லுபடியாகும் சட்டம்.

ஒருவர் தன் தகப்பன்வழிக் குலத்தின் கதையை வரையலாம். அதுவும் உரிய சடங்குகளில் பங்கெடுத்து, பெரியவர்கள் படிப்படியாகக் காட்டிக்கொடுத்த பிறகு. தாயின் குல நிலத்துக்கு அவர் உரிமையாளர் ஆகமாட்டார், காவல்காரர் ஆவார். சடங்கு முறைப்படி நடக்கிறதா, வடிவம் பிசகாமல் வருகிறதா என்று கவனிக்கும் பொறுப்பு சகோதரியின் பிள்ளைகளுக்கு, அதாவது மருமக்களுக்கு. சொந்தக்காரர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் இன்னொருவர். ஒருவர் இல்லாமல் மற்றவர் எதையும் செய்ய முடியாது.

கதைக்கும் அடுக்குகள் உண்டு. எல்லாரும் கேட்கலாம் என்பது வெளிப்புற அடுக்கு. உள்ளே போகப் போகக் கேட்பவரின் தகுதி கூட வேண்டும். விற்பனைக்கு வரும் பட்டைகளில் வெளியடுக்கு மட்டுமே இருக்கும். பெண்கள் புனித வடிவங்களை வரைவது முன்பு வழக்கமில்லை. கிழக்கில் இருக்கும் யிர்கலா என்ற ஊரின் மவலன் மரிக்கா போன்ற பெரியவர்கள் தங்கள் மகள்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு அது மாறியது. இன்று அங்கே பெயர் பெற்ற பட்டை ஓவியர்களில் பெண்கள் பலர்.

ஆகவே ஒரு பட்டை ஓவியத்தை இயற்கைக் காட்சியாகப் பார்ப்பதைவிட, ‘இந்த இடம் எங்களுடையது, காரணம் இது’ என்று சொல்லும் ஆவணமாகப் பார்ப்பது சரி. தமிழில் பட்டை, பட்டா என்ற இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தற்செயல்தான். இந்த விஷயத்தில் அது வசதியாக இருக்கிறது.

குர்மிரிங்குவின் சாவு

மலங்கி 1927ல், கிளைட் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே, கிழக்குக் கரையில் இருக்கும் முலங்கா என்ற இடத்தில் பிறந்தார். துவா பாதி, மன்யார்ங்கு குலம். ஆற்றுக்கு எதிரே கடலில் மிலிங்கிம்பி தீவு. அங்கே 1923ல் மெதடிஸ்ட் மிஷன் வந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தீவில் விமானத்தளம் அமைந்தது, 1943ல் ஜப்பானிய விமானங்கள் அதைக் குண்டு வீசித் தாக்கின. அந்தக் கரையில் வளர்ந்த மலங்கியின் தலைமுறைக்கு மிஷனும் போரும் வெளியுலகமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின.

அவருடைய குலத்துக்கு இரண்டு பெரிய கதைகள். ஒன்று, துவா குலங்கள் பலவற்றுக்கும் பொதுவான ஜாங்கவு சகோதரிகளின் கதை. தோண்டுகோலோடு கிழக்கில் இருந்து நடந்து வந்தவர்கள் அவர்கள். கோலை ஊன்றிய இடத்தில் நன்னீர் ஊற்று பிறந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் மன்யார்ங்கு நிலத்தில் அவர்கள் உண்டாக்கிய நீர்நிலைகளை மலங்கி திரும்பத் திரும்ப வரைந்தார்.

இரண்டாவது, குலத்துக்கே உரிய குர்மிரிங்குவின் கதை. அவர் மூதாதை வேட்டைக்காரர். ஒருநாள் வேட்டையாடிய கங்காருவோடு வந்து, வெள்ளைப் பழம் காய்க்கும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். மரத்தின் வேரில் குடியிருந்த விஷப்பாம்பு அவரைக் கொத்தியது. இறந்துபோனார். மக்கள் அவர் உடலுக்கு வண்ணம் பூசி, பாடி, ஆடி, விருந்து வைத்து, முதல் இறுதிச் சடங்கைச் செய்தார்கள். அதன் பிறகு மன்யார்ங்கு குலத்தில் நடக்கும் ஒவ்வொரு சாவுச் சடங்குக்கும் அதுதான் முன்மாதிரி.

டாலர் தாளில் இருந்தது இந்தக் கதை. கிடத்தப்பட்ட உடல் குர்மிரிங்குவுடையது. உட்கார்ந்திருப்பவர்கள் சடங்கின் பாடகர்கள். கங்காரு, விருந்துக்கு உரியது. மரம், பாம்பு இருந்த மரம். தெரியாமல் பார்ப்பவருக்கு அது ‘பழங்குடி அலங்காரம்’. தெரிந்தவருக்கு ஒரு குலம் தன் இறந்தோரை அனுப்பிவைக்கும் முறை. ரொட்டி வாங்கவும் பஸ் டிக்கெட் வாங்கவும் கைமாறிய தாளில் ஒரு சாவு வீடு இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது.

மலங்கியின் கை தனித்துத் தெரியும் கை. பக்கத்துக் குலங்களின் ஓவியர்கள் பட்டை முழுக்க இழை இழையாகப் பின்னல் போட்டு மினுங்கவைப்பார்கள். இவர் உருவங்களை அழுத்தமாகவும் தடிமனாகவும் வைப்பார். கறுப்பைத் தாராளமாகப் பூசுவார், அதன் விளிம்பில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. ஓர் இலை, ஒரு கெளுத்தி மீன், ஒரு தோண்டுகோல் என்று எண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவு. பின்னலுக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் எளிமையாகத் தோன்றும், கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் அந்த எளிமைக்குப் பின்னால் இருக்கும் துணிச்சல் தெரியும்.

1963ல் இரண்டு பயணங்கள்

கரேல் குப்கா, செக் நாட்டில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஓவியர். ஆர்ன்ஹெம் லேண்டுக்குப் பலமுறை வந்து பட்டை ஓவியங்களைச் சேகரித்தவர். 1963ல் மலங்கியிடம் அவர் வாங்கிய ஒரு பட்டை, பாரிஸில் இருந்த ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதன் ஒளிப்படம்தான் சுற்றி வந்து ரிசர்வ் வங்கியின் மேசைக்குச் சேர்ந்தது. பணத்தாளை வடிவமைத்த கோர்டன் ஆண்ட்ரூஸ் அதைத் தன் வரைவில் சேர்த்தார்.

அதே 1963ல் இன்னும் இரண்டு பட்டைகள் நாடாளுமன்றத்துக்குப் போயின. மிலிங்கிம்பிக்குக் கிழக்கே யிர்கலா என்ற ஊரில், யோல்ங்கு மக்களிடம் கேட்காமலேயே அவர்கள் நிலத்தில் பாக்சைட் சுரங்கத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தது அரசு. மக்கள் தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் மனு ஒன்றைத் தட்டச்சு செய்து, தாளைப் பட்டையில் ஒட்டி, சுற்றிலும் தங்கள் குல வடிவங்களை வரைந்தார்கள். ஒரு பட்டையில் துவா வடிவங்கள், இன்னொன்றில் யிரிட்ஜா வடிவங்கள். எங்களிடம் பத்திரம் இல்லை என்கிறீர்களா, இதோ எங்கள் பத்திரம் என்பதுதான் அதன் பொருள்.

சுரங்கம் நிற்கவில்லை. வழக்குத் தொடர்ந்தார்கள், 1971ல் தோற்றார்கள். ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு எழுந்த குரல்தான் 1976ல், ஆர்ன்ஹெம் லேண்ட் அடங்கிய வட பிரதேசத்துக்கான பூர்வகுடி நில உரிமைச் சட்டத்துக்கு வழி செய்தது. இன்று அந்தப் பட்டைகள் கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கின்றன.

ஒரே ஆண்டு. யிர்கலாவின் பட்டைகளை அரசு படிக்க மறுத்தது. மிலிங்கிம்பியின் பட்டையைப் படிக்காமலேயே பிடித்துப்போய் எடுத்துக்கொண்டது. எனக்கு இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாகவே தெரிகின்றன.

டாலர் டேவ்

தாள் புழக்கத்துக்கு வந்த பிறகு, மிலிங்கிம்பியில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியர் அந்தப் படம் மலங்கியுடையது என்பதை வெளியே சொன்னார். செய்தி பத்திரிகைகளுக்குப் போயிற்று. அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் ஹெர்பர்ட் கூம்ப்ஸ். ஊரெல்லாம் ‘நகெட்’ என்று கூப்பிட்ட, குள்ளமான, மதிப்பு மிக்க மனிதர். தவறு நடந்திருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். மலங்கிக்கு 1000 டாலர், ஒரு பதக்கம், மீன்பிடிக்கும் சாமான்கள் ஒரு செட் கொடுக்கப்பட்டன. அன்றிலிருந்து அவருக்கு ‘டாலர் டேவ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இதை நல்ல முடிவு என்பதா? அன்றைய நிலவரத்தோடு வைத்துப் பாருங்கள். நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக் கூடாது என்ற விதி அப்போது ஆஸ்திரேலிய அரசியலமைப்பிலேயே இருந்தது. அதை நீக்கிய பொது வாக்கெடுப்பு 1967 மே 27 அன்றுதான் நடந்தது, 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு. அதாவது, மலங்கியின் ஓவியம் நாட்டில் எல்லார் சட்டைப்பையிலும் இருந்தது, மலங்கி நாட்டின் கணக்கில் இல்லை. அந்தச் சூழலில் மத்திய வங்கி ஒரு பூர்வகுடி ஓவியரை ஓவியராக ஏற்று, பெயர் சொல்லிப் பணம் கொடுத்தது பெரிய விஷயம்தான். பூர்வகுடி ஓவியத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்ற பேச்சு அந்த நாட்டில் அங்கிருந்துதான் தொடங்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். கூம்ப்ஸ் பிறகு வங்கியை விட்டுப் பூர்வகுடி உரிமைகளுக்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

ஆனால் அந்த 1000 டாலர் ஒரு கேள்விக்குத்தான் பதில்: வரைந்தவருக்கு என்ன கொடுப்பது? குர்மிரிங்குவின் கதையை இப்படி லட்சக்கணக்கில் அச்சடிக்கலாமா என்று அந்தக் கதையின் சொந்தக்காரர்களான குலத்திடம் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கேள்விக்கு அன்றைய சட்டத்தில் இடமே இல்லை.

மலங்கி இதோடு நின்றுவிடவில்லை. உண்மையில் அவருடைய பெரிய ஓவியங்கள் டாலருக்குப் பிந்தியவை. 1970களில் ராமிங்கினிங் என்ற ஊர் உருவானது. அவர் தன் தாயின் குல நிலமான யாதலமராவில், அல்லி படர்ந்த நீர்நிலையின் கரையில், குடும்பத்தோடு வாழ்ந்தார். அங்கே அவர் சொந்தக்காரர் அல்ல, மேலே சொன்ன காவல்காரர். ஆகவே தன் தகப்பன் நிலத்தை உரிமையோடும் தாயின் நிலத்தைப் பொறுப்போடும் வரைந்தார். 1979ல் சிட்னி பியெனாலே கண்காட்சியில் அவருடைய பட்டைகள், பக்கத்துக் குலத்தின் ஜார்ஜ் மில்புருரு, ஜானி புங்குவய் ஆகியோரின் பட்டைகளோடு தொங்கின. தற்கால ஓவியர்களின் வரிசையில் ஆர்ன்ஹெம் லேண்ட் ஓவியர்கள் இடம்பெற்றது அங்கே அதுவே முதல்முறை. அதுவரை இவை பெரும்பாலும் இயற்கை அருங்காட்சியகத்தில், பாடம் செய்த விலங்குகளுக்குப் பக்கத்து அறையில் வைக்கும் பொருள்கள்.

1988: இருநூறு மரங்களும் ஒரு பத்து டாலரும்

1988ல் ஆஸ்திரேலியா, பிரிட்டிஷ் குடியேற்றத்தின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியது. ராமிங்கினிங் ஓவியர்களும் அருகில் இருந்தவர்களுமாக 43 பேர், கலை ஆலோசகர் ஜோன் மண்டைனோடு சேர்ந்து, 200 குழிந்த மரக்கட்டைகளை வரைந்து நிறுத்தினார்கள். கறையான் உள்ளே அரித்துக் குழியாக்கிய மரங்கள் அவை. சடங்கில் இறந்தவரின் எலும்புகளை வைக்கும் மரங்கள். ஆண்டுக்கு ஒன்று, நிலத்துக்காகச் செத்தவர்களின் நினைவாக. கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு துக்கம்.

மலங்கியும் அதில் வரைந்தார். இப்போது கான்பெராவின் தேசியக் காட்சியகத்தில் நிற்கும் அந்த மரங்களுக்கு நடுவே ஒரு பாதை போகிறது. அது கிளைட் ஆற்றின் போக்கு. எந்தக் குலம் ஆற்றின் எந்தப் பகுதியில் இருக்கிறதோ, அவர்களுடைய மரங்களும் பாதையில் ஏறத்தாழ அந்த இடத்திலேயே நிற்கின்றன. முகத்துவாரத்துக்காரரான மலங்கிக்குக் கடல் பக்கம். அருங்காட்சியகத் தரையையே நிலப்படமாக ஆக்கிவிட்டார்கள்.

அதே ஆண்டு ரிசர்வ் வங்கி நினைவுச் சின்னமாக ஒரு 10 டாலர் தாளை வெளியிட்டது. அதில் டெரி யும்புலுல் என்ற கலைஞர் செய்த, சடங்குக்கு உரிய விடிவெள்ளிக் கம்பத்தின் படம். இந்தமுறை உரிமம் பெற்றுத்தான் அச்சடித்தார்கள், கலைஞருக்குக் காசும் போயிற்று. ஆனால் அவருடைய குலத்தார் அவரைக் கடிந்தார்கள். கம்பத்தைச் செய்ய உனக்கு உரிமை உண்டு, அதைப் பணத்தாளில் போட அனுமதி கொடுக்க உனக்கு உரிமை இல்லை என்றார்கள். அவர் வங்கிமேல் வழக்குப் போட்டார். 1991ல் தோற்றார். தீர்ப்பளித்த நீதிபதியே, சமூகமாக வைத்திருக்கும் இப்படிப்பட்ட உரிமைக்குப் பதிப்புரிமைச் சட்டம் போதிய இடம் கொடுக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். 22 ஆண்டு கழித்து அதே வங்கி, அதே பள்ளத்தில். முதல்முறை ஓவியரைக் கேட்கவில்லை, இரண்டாம்முறை குலத்தைக் கேட்கவில்லை.

அடுத்து வந்த வழக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவைத் திறந்தன. பூர்வகுடி ஓவியங்களை வியட்நாமில் கம்பளமாக நெய்து, பெர்த் நகர நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்து விற்றது. மில்புருரு முதலானோர் தொடர்ந்த அந்த வழக்கில் 1994ல் சுமார் 1,88,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. புனித நீர்நிலையின் படத்தைக் காலால் மிதிக்கும் பொருளாக்கியதால் ஓவியர்களுக்குத் தங்கள் சமூகத்துக்குள் ஏற்பட்ட அவமானத்தையும் நீதிமன்றம் இழப்பாகக் கணக்கில் எடுத்தது. 1998ல் ஓவியர் ஜானி புலுன் புலுன் வழக்கில் இன்னும் ஒரு படி. பதிப்புரிமை ஓவியரிடம்தான் இருக்கும், குலம் அதற்கு நேரடிச் சொந்தக்காரர் ஆகாது. ஆனால் குலத்தின் நலனுக்கு எதிராக அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் இருக்கும் கடமை ஓவியருக்கு உண்டு என்றது தீர்ப்பு. மருமக்கள் கணக்குப் பார்க்கும் பழைய சட்டத்தின் ஒரு துணுக்கு, அறங்காவலர் என்ற உடையில், ஆங்கிலச் சட்டத்துக்குள் நுழைந்தது அங்கேதான்.

மலங்கிக்கு 1996ல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சட்டத் துறையில். கலைக்குக் கொடுக்காமல் சட்டத்துக்குக் கொடுத்ததை யாரோ யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும். 1999ல் அவர் காலமானார். இறந்தவரின் பெயரையும் படத்தையும் சில காலம் பயன்படுத்தாமல் இருப்பது அந்த மக்களின் வழக்கம். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் இதற்காகவே முன்னெச்சரிக்கை போடுவார்கள். 2004ல் தேசியக் காட்சியகம் அவருடைய வாழ்நாள் ஓவியங்களைச் சேர்த்துப் பெரிய கண்காட்சி நடத்தியது.

இன்று ராமிங்கினிங்கில் ஒரு பட்டை ஓவியம் வாங்கினால் கூடவே ஒரு சான்றிதழ் வரும். வரைந்தவரின் பெயர், குலம், மொழி, எந்த நிலத்தின் எந்தக் கதை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஊர்க் கலை மையமான புலாபுலா ஆர்ட்ஸ் கலைஞர்களுடைய சொந்த நிறுவனம். சான்றிதழ் இல்லாத பட்டையை வாங்காதீர்கள் என்பதுதான் புதிதாக வாங்குகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை.

ஒரு டாலர் தாள் 1984ல் நாணயமாக மாறிவிட்டது. பழைய பணம் சேர்ப்பவர்களிடம் அந்தத் தாள் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். 1966ன் தாள் கையில் வந்தால் முன்பக்கத்தில் பாருங்கள், இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று ஆளுநர் கூம்ப்ஸுடையது, இன்னொன்று கருவூலச் செயலருடையது. பின்பக்கத்தில் கையெழுத்து இல்லை. மிலிங்கிம்பியில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.